சாமி கும்பிடாதவருக்குக் கோயில்ல என்ன வேலை?

அறுபத்துமூன்று நாயன்மார்ல ஒருத்தர் தினமும் சிவலிங்கத்து மேல கல் எறிஞ்சவர்னு சொன்னா, பட்டணத்து நண்பர்கள் பலர் நம்ப மாட்டேங்கறாங்க. சாக்கிய நாயனார்தான் அவர்.

சோழ நாட்டுச் சங்கமங்கையில வேளாளர் குடியில பிறந்தவர். காஞ்சிக்குப் போய் பௌத்தம் படிச்சு, அந்தக் கோலத்தையும் ஏத்துக்கிட்டார். அப்புறம் சிவன் மேல அன்பு வந்துச்சு. ஆனா கோலத்தை மாத்திக்கலை. வெட்டவெளியில ஒரு லிங்கத்தைப் பார்த்ததும், பக்கத்துல கிடந்த கல்லை எடுத்து எறிஞ்சார். அதுலேருந்து தினம் ஒரு கல் எறியாம சாப்பிட்டதில்லை. ஒருநாள் மறந்துபோய் சாப்பிடப் போனவர், ஞாபகம் வந்ததும் பசியோட எழுந்து ஓடினார். அன்னைக்குத்தான் சிவன் காட்சி கொடுத்தாராம்.

பூ இல்லை, மந்திரம் இல்லை. பார்க்கிறவனுக்கு அது அவமரியாதை. ஆனாலும் சுந்தரர் அவரைத் தொண்டர் வரிசையில வச்சார். 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணத்துல விரிவாவே பாடினார்.

இந்தக் கதை இப்ப ஏன்னா, எங்க ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு விழாக் குழு போடுறாங்க. விவசாயத் தொழிலாளர் சங்கத்துல ரொம்ப வருஷமா இருக்குற ஒரு தோழரைச் சேர்க்கக் கூடாதுன்னு இளவட்டம் சிலர் சொல்றாங்க. அவர் திருநீறு பூச மாட்டார், சாமி கும்பிட மாட்டார். ஆனா 2018 கஜா புயலுக்கு மறுநாள், கோயில் மதில்ல சாஞ்ச மரத்தை வெட்ட முதல்ல அரிவாளோட வந்தவர் அவர். குளம் தூர்வார ஆள் சேர்க்கிறதும் அவர்தான்.

"சாக்கியருக்கு மனசுல அன்பு இருந்துச்சு. இவர் சாமியே இல்லைங்கறாரே?" நியாயமான கேள்விதான். அவரை 'உள்ளுக்குள்ள பக்தர்'னு நான் சொல்ல மாட்டேன். அது அவர் கொள்கையை மதிக்காத பேச்சு. ஆனா திருவாரூரைப் பாருங்க. 1948க்குப் பிறகு ஓடாம நின்ன ஆழித்தேர், 1970ல மறுபடி ஓடுச்சு. அதுக்கு முயற்சி எடுத்த முதலமைச்சர் கலைஞர், கடைசிவரைக்கும் தன்னை நாத்திகர்னே சொன்னவர். நம்பாதவர் ஓட வச்ச தேர்னு தியாகராஜர் இறங்கிடலையே!

நான் சாமி கும்பிடுறவன். ஆடிப்பெருக்குக்கு வீட்டோட ஆத்துக்குப் போயி காவேரியைக் கும்பிட்டு வர்றவன். கும்பிடுறது மனசுக்கு நல்லது, அதை விடச் சொல்லலை. ஆனா கும்பிடுறதை வச்சு மட்டும் ஒருத்தனை அளக்க முடியாது. ராத்திரியோட ராத்திரியா மடையை அடைச்சு, கடைமடைக்காரன் தண்ணியைத் தன் வயலுக்குத் திருப்பிட்டு, விடிஞ்சதும் நெத்தி நிறையப் பட்டை போட்டுக்கிட்டு வர்றவங்களும் இங்க உண்டு. அவங்க குழுவுல இருக்கலாமான்னு யாரும் கேட்டதில்லை.

என் கணக்கு இதுதான்: பக்திங்கிறது தவறாம செய்யிற ஒரு கடமை. யாரும் பார்க்காதப்பவும், பசிச்சாலும் செய்யிறது. சாக்கியர் எறிஞ்ச கல்லு பூவா ஆனது அதனாலதான். அந்தக் கடமையைச் சாமி பேரைச் சொல்லிச் செய்யிறவன் பக்தன். சொல்லாம செய்யிறவனுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலை. ஆனா கோயில் வாசல்ல அவனைத் தடுத்து நிறுத்துற உரிமை நம்ம யாருக்கும் இல்லைங்கறது மட்டும் தெரியும்.