இருப்பிடமும் ஓர் அமானிதமே

 

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இருவர் தத்தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்கள். இருவரும் எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர்.

முதலாமவர் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்திருப்பவர். கைப்பேசியின் வரைபடத்தில் முந்தைய நாள் தாம் கடலில் சென்று திரும்பிய வழியைக் காட்டினார். வலை சிக்கும் பார்கள் எங்கே, மீன் பட்ட இடம் எங்கே, இலங்கைக் கடல் எல்லை எவ்வளவு தொலைவு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பிறகு, "உஸ்தாதே, எங்கள் வாப்பா காலத்தில் இது இருந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவருடைய வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

இரண்டாமவர் ஒரு சகோதரி. அஸர் தொழுகைக்குப் பின் தம் தாயாருடன் வந்திருந்தார். கணவர் வளைகுடாவில் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்தபோது மனைவியின் கைப்பேசியில் ஒரு செயலியை அவர் அறியாமலே நிறுவிச் சென்றிருக்கிறார். ஒருநாள் இரவு அங்கிருந்து அழைப்பு வந்தது. "மஃரிபுக்குப் பின் முக்கால் மணி நேரம் அந்தத் தெருவில் உனக்கு என்ன வேலை?" அச்சகோதரி சென்றிருந்தது ஒரு மையித்து வீட்டுக்கு. அதைச் சொன்னதும் கணவர் சமாதானமாகிவிட்டார். "அவர் நம்பிவிட்டார் உஸ்தாதே. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இத்தனை நாளும் என்னை வேவு பார்த்திருக்கிறாரே, நான் செய்த குற்றம்தான் என்ன?" என்று அவர் கேட்டார்.

இருவர் கையிலும் இருந்தது ஒரே தொழில்நுட்பம். ஒருவருக்கு அது அல்லாஹ்வின் அருட்கொடையாகவும் மற்றவருக்கு நெஞ்சில் தைத்த முள்ளாகவும் ஆனது ஏன்? நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கடல் கற்றுத் தந்தது

இருளில் தரையிலும் கடலிலும் வழியறிவதற்காகவே நட்சத்திரங்களை அமைத்திருப்பதாக அல்லாஹ் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். இந்த நிஃமத்தை நன்கு பயன்படுத்தியவர்கள் நம் முன்னோர். துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையைக் கையாண்டனர். சோழமண்டலக் கரையில் அதற்கு 'இராப்பலகை' என்று பெயர். பலகையில் கோத்த கயிற்றில் முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தைக் குறிக்கும். கரையை அடுத்துத் தொழில் செய்தவர்களோ, பள்ளிவாசல் மினாராவையும் மாதா கோவில் முகட்டையும் பனை மரத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துக் கடலடியில் கிடக்கும் பாரின் இடத்தைச் சொன்னார்கள்.

இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. இதை மறுப்பது அறிவுடைமையன்று. இந்தியாவும் இலங்கையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பாக் நீரிணையிலும், 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லையை வரைந்தன. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. அதை அறியாமல் தாண்டியவர் சிறைக்குப் போனால், கரையில் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரண்ட்' போன்ற செயலிகள், எல்லையை நெருங்கும்போதே எச்சரிக்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலை இக்கரை மறக்காது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. அதன் பின்னரே, 2019 அக்டோபரில், செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பெற்றுப் படகிலுள்ள கைப்பேசிக்குத் தரும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. அதில் செய்தியைப் பெறலாம். பதில் அனுப்ப இயலாது. இருவழித் தொடர்பு தரும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. கடலுக்குப் போகிறவர் தாம் செல்லும் திசையைக் கரையில் உள்ளவர்களுக்குத் தெரிவிப்பதும், கருவியை அணைக்காமல் வைப்பதும் ஒட்டகத்தைக் கட்டும் செயலே. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கருவியைக் கரையில் விட்டுச் செல்வது தவக்குல் ஆகாது.

பார்ப்பது யார்?

நம்மில் பலர், வானில் சுற்றும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணுகிறார்கள். அது தவறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தம் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கின் அறிவிப்பைக் கேட்டு, நம் கைப்பேசியே தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. கைப்பேசி கோபுரத்தின் சிக்னல் எட்டாத நடுக்கடலிலும் அது இடம் காட்டுவது இதனால்தான். செயற்கைக்கோளுக்கு நாம் யாரென்றே தெரியாது.

அந்தக் கணக்கு இணையத்தின் வழியே இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் அது கண்காணிப்பாகிறது. அப்படி அனுப்புவது மனிதன் ஏற்படுத்திய அமைப்பு. யார் அனுப்பச் சொன்னார்? யாருடைய சம்மதத்தோடு? எவ்வளவு நேரத்துக்கு? ஹலால், ஹராம் என்னும் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1961க்குப் பின் தூத்துக்குடியில் அது நடைபெறவில்லை. குளிப்பவர் கல்லைப் பற்றி ஆழத்துக்கு இறங்குவார். கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில் இருக்கும். கீழிருந்து இழுத்து அசைத்ததும் மேலே தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மனைவியின் சகோதரனுக்கே கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. தன் சகோதரி விதவையாவதை அவன் விரும்ப மாட்டான் அல்லவா!

அந்தக் கயிறும் ஒருவகையில் இருப்பிடத்தைக் காட்டும் கருவிதான். ஆனால் அது இருப்பது குளிப்பவருக்குத் தெரியும். பிடிக்கும் கையைத் தேர்ந்தவர் அவரே. அசைத்து அழைப்பவரும் அவரே. மேலே வந்ததும் கயிற்றுக்கு வேலை முடிந்துவிடும். திரேஸ்புரத்துச் சகோதரரின் கைப்பேசி இத்தகைய கயிறு. அந்தச் சகோதரியின் கைப்பேசியில் இருந்ததோ, தூங்கும்போது காலில் கட்டப்பட்ட கயிறு.

வீட்டுக்குள் வேவு

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் மூன்றை வரிசையாகத் தடுக்கிறான்: தீய எண்ணம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல். ஒன்று மற்றொன்றைப் பெறும் என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது. 'தஜஸ்ஸுஸ்' என்னும் வேவு அயலாரிடத்தில் மட்டும் கூடாது, மனைவியிடத்தில் கூடும் என்று அவ்வசனத்தில் விலக்கு ஏதும் இல்லை.

இன்னும் தெளிவாக ஒரு நபிமொழி உண்டு. நீண்ட பயணத்திலிருந்து திரும்புகிறவர், குடும்பத்தாரைச் சந்தேகித்தோ அவர்களுடைய குறைகளைத் தேடியோ இரவில் முன்னறிவிப்பின்றி வந்து நிற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஊரை விட்டுத் தொலைவில் பிழைக்கும் கணவர்கள் இதைச் சிந்திக்கட்டும். சொந்த வீட்டுக்குள் ஓர் இரவு அப்படி நுழைவதற்கே தடை என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு மணி நேரமும் நுழைந்துகொண்டிருப்பதை என்னவென்பது? கணவரின் கைப்பேசியில் இரகசியமாக இதையே செய்யும் மனைவியருக்கும் தீர்ப்பு வேறில்லை.

"தவறு செய்யாதவருக்கு என்ன பயம்?" என்று கேட்பார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது எழுந்த அவதூறை எண்ணிப்பாருங்கள். தொலைந்த கழுத்து மாலையைத் தேடிச் சென்று பயணக் கூட்டத்தைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அவர்களை ஏற்றி அழைத்து வந்தார்கள். மக்கள் கண்டது இவ்வளவுதான். காரணத்தை அறியாதவர்கள் கண்டதைக் கொண்டு கதை கட்டினார்கள். அன்னையின் தூய்மையை அறிவித்து இறங்கிய அந்நூர் அத்தியாய வசனங்கள், அதைக் கேட்டபோதே நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று முஃமின்களைக் கண்டிக்கின்றன. வரைபடத்தில் தெரியும் புள்ளியும் அப்படித்தான். அது இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நெருக்கமான தெருக்களிலும் கட்டடத்துக்குள்ளும் இடத்தைக்கூடச் சில வீடுகள் தள்ளிக் காட்டிவிடும். இத்தகைய புள்ளியை நம்பியா நிகாஹ் என்னும் உறுதியான உடன்படிக்கையை விசாரணைக்கு நிறுத்துவது?

நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஜாமீனில் வெளிவந்தவர் கூகுள் வரைபடத்தின் வழியே தம் இருப்பிடத்தைக் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாகாது என 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் கூறியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தக் கண்ணியம் உண்டு. நம் பிள்ளைகளைப் பெற்றெடுத்தவளுக்கு இல்லையா?

பிள்ளைகள் விஷயத்தில்

பிள்ளைகளின் நிலை சற்று வேறு. குழந்தை மூஸாவை (அலை) ஆற்றில் விட்ட தாய், அல்லாஹ்வின் வாக்குறுதி இருந்தும், பின்தொடர்ந்து பார்க்கும்படி அக்குழந்தையின் சகோதரியை அனுப்பினார். அச்சகோதரி தூரத்திலிருந்தே கவனித்ததை அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. எனவே, சிறு பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்ததா என்று பார்ப்பதைச் சந்தேகம் என்று சொல்ல முடியாது, அது பொறுப்பு. ஆனால் பிள்ளை வளர வளர அந்தப் பார்வை குறைய வேண்டும்.

இதில் எளியேனும் தவறியவன். கல்லூரிக்குச் சென்ற என் மகனின் இருப்பிடத்தை அவன் அறியாமல் பல மாதங்கள் இரவுதோறும் பார்த்துவந்தேன். புள்ளி விடுதியிலேயே இருந்தது. நானும் நிம்மதியாக உறங்கினேன். என் கண்காணிப்பை அவன் எப்போதோ கண்டுகொண்டு, கைப்பேசியை விடுதியில் வைத்துவிட்டு வெளியே சென்றுவந்தது பின்னரே தெரிந்தது. அவனுக்கு நான் கற்பித்தது தக்வாவை அல்ல, ஒளிவதை. அவனிடம் என் தவறை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது எங்கே போகிறான் என்பதை அவனே சொல்கிறான். எல்லாவற்றையும் சொல்கிறானா என்று நான் தேடுவதில்லை. எந்நேரமும் பார்ப்பவன் அல்லாஹ் என்னும் உணர்வை ஊட்டுவதே வாப்பாவின் வேலை. அந்த இடத்தில் வாப்பா போய் அமர்வதன்று.

செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டில் யாருடைய கைப்பேசியிலாவது அவர் அறியாமல் ஏதேனும் நிறுவியிருந்தால், இன்றே அவரிடம் சொல்லி நீக்கிவிடுங்கள். மன்னிப்பும் கேளுங்கள். இது அடியானின் ஹக்கு. அவர் மன்னிக்காமல் தீராது.

இரண்டாவது, தேவையின்போது சொல்லிப் பகிருங்கள். இரவுப் பயணம், தனியே செல்லும் பெண்பிள்ளை, நோயாளியான முதியவர், கடல் தொழில் ஆகியவற்றில் பகிர்வதே நன்று. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என அளவிட்டுப் பகிரலாம். வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்ப்பது போன்றது அது.

மூன்றாவது, ஒருவர் நம்பி அனுப்பிய இருப்பிடம் நம்மிடம் அமானிதம். அதை வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். பேச்சுக்குப் பேச்சு சான்றாக இழுக்காதீர்கள்.

அந்தச் சகோதரியின் அனுமதி பெற்று அவர் கணவரிடம் தொலைபேசியில் பேசினேன். உடனே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "தூரத்தில் இருப்பவனின் கவலை உங்களுக்குத் தெரியாது உஸ்தாத்" என்றார். அந்தக் கவலை உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. ஜாபிர் (ரலி) அறிவித்த ஹதீஸை மட்டும் சொல்லி ஸலாம் கூறி முடித்தேன். அடுத்த ஜும்ஆவுக்குள் அந்தச் செயலியை நீக்கும்படி அவரே மனைவியிடம் சொல்லிவிட்டதாகச் சகோதரியின் தாயார் தெரிவித்தார். அதற்கு மேல் அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை; கேட்பது முறையுமன்று.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் மறைப்பதாக வாக்களித்த அல்லாஹ், நம் வீடுகளைச் சந்தேகத்திலிருந்து காப்பானாக. கடலில் இருப்போரையும் சஃபரில் இருப்போரையும் நலமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.