எல்லை கடக்கும் தகவலும் எல்லையில் நின்றுவிடும் திருத்தமும்

பயணம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஹஜ், உம்ரா, வளைகுடா வேலை, மேற்படிப்பு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் உறவினர் வீட்டுத் திருமணம் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் நம்மில் பலர் ஆண்டுதோறும் எல்லை கடக்கிறோம். விமான நிலையத்தில் நாம் கடவுச்சீட்டை நீட்டும்போது அதிகாரி அதனை மட்டும் பார்ப்பதில்லை. நம்மைப் பற்றி வேறொரு நாடு எழுதி அனுப்பிய குறிப்பும் அவருடைய கணினியில் இருக்கக்கூடும். அதை எழுதியவர் யார், எந்த ஆதாரத்தில் எழுதினார் என்பது பயணிக்குத் தெரியாது. பெரும்பாலும் அந்த அதிகாரிக்கும் தெரியாது.

இத்தகைய பகிர்வு இன்று உலக நடைமுறை. பயணிகளின் விவரங்களைத் திரட்ட வேண்டும், கண்காணிப்புப் பட்டியல்களை உருவாக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு சபை 2017 டிசம்பரில் 2396ஆம் தீர்மானத்தின் மூலம் எல்லா நாடுகளையும் பணித்தது; அவற்றைப் பகிர்ந்துகொள்ளவும் ஊக்குவித்தது. குற்றவாளிகள் எல்லை தாண்டித் தப்பாமல் தடுப்பது நியாயமான நோக்கமே. அதை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி வேறு. தவறான தகவல் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு நொடியில் சென்றுவிடுகிறது. அதைத் திருத்தும் தகவல் ஏன் அதே வழியில் செல்வதில்லை?

மாஹிர் அரார் என்பவரின் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. சிரியாவில் பிறந்து கனடாவின் குடிமகனான பொறியாளர் அவர். 2001இல், காவல்துறையின் கண்காணிப்பில் இருந்த ஒருவரை அவர் உணவகம் ஒன்றில் சந்தித்தார். அந்தச் சந்திப்பே அவரையும் விசாரணை வளையத்துக்குள் கொண்டுவந்தது. கனடியக் காவல்துறை அவரையும் அவருடைய மனைவியையும் அல்காயிதாவுடன் தொடர்புடையவர்களாகச் சந்தேகிக்கப்படும் தீவிரவாதிகள் என்று குறிப்பிட்டு, எல்லையில் கண்காணிக்கும்படி அமெரிக்காவைக் கேட்டுக்கொண்டது. பின்னர், அந்த விசாரணையின் முழுத் தரவுத்தளத்தையும் மூன்று குறுந்தகடுகளில் பதிந்து அமெரிக்க அதிகாரிகளிடம் கொடுத்தது. எவ்வாறு பயன்படுத்தலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்ற வரம்பு எதுவும் அதனுடன் செல்லவில்லை.

2002 செப்டம்பர் 26 அன்று, துனிசியாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு வீடு திரும்பிய அரார், விமானம் மாறுவதற்காக நியூயார்க்கில் இறங்கியபோது பிடிக்கப்பட்டார். அமெரிக்கா அவரைக் கனடாவுக்கு அனுப்பாமல், ஜோர்டான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஏறத்தாழ ஓராண்டுச் சிறை. அதில் சுமார் பத்து மாதங்கள் கல்லறை போன்ற நிலத்தடி அறையில் கழிந்தன. அடி தாங்க முடியாமல், தாம் ஒருபோதும் சென்றிராத ஆப்கானிஸ்தானில் பயிற்சி பெற்றதாக ஒப்புக்கொண்டார். அவ்வாறு பெறப்பட்ட வாக்குமூலத்தின் சுருக்கம் கனடிய அதிகாரிகளிடமே திரும்பி வந்து சேர்ந்தது. தவறான தகவல் உலகைச் சுற்றி வந்து, தனக்குத் தானே சாட்சியாக நின்றது!

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை ஆணையம், அரார் எக்குற்றமும் செய்ததற்கான சான்று இல்லை என்று 2006 செப்டம்பரில் அறிவித்தது. 2007 ஜனவரியில் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். 1 கோடியே 5 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் அதே மாதத்தில் அமெரிக்கா, அவரைத் தன் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதில்லை என்று தெரிவித்தது. தகவல் தந்த நாடே தவறை ஒப்புக்கொண்ட பின்னும், பெற்ற நாடு அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை.

மற்றொரு சான்று, மலேசியக் கல்வியாளர் ரஹீனா இப்ராஹீம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த அவர், 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைவிலங்கிடப்பட்டார். மறுநாள் தாயகம் செல்ல அனுமதிக்கப்பட்டாலும், அவருடைய விசா ரத்தானதால் மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைய முடியவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வழக்காடிய பிறகே உண்மை வெளிவந்தது. படிவத்தை நிரப்பிய புலனாய்வு அதிகாரி, அதிலுள்ள அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டு பிழையான கட்டங்களில் குறியிட்டிருந்தார். அவ்வளவுதான். அந்தப் பிழையின் தடயங்களை எல்லாப் பதிவுகளிலும் தேடித் திருத்தும்படி 2014இல் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணை, அந்தத் தரவு ஏற்கெனவே சென்று சேர்ந்த பிற நாடுகளின் கணினிகளைக் கட்டுப்படுத்தாது.

நம் பெயர்களே இச்சிக்கலைக் கூட்டுகின்றன. முஹம்மது, அஹ்மத், அப்துல் என்று தொடங்கும் பெயர்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கானவை. ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறோம். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் நம் வழக்கத்தால், கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்குரிய இடம் பலருக்கு வெறுமையாகவே இருக்கிறது. பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடும் கணினிக்கு நம் முகமோ வாழ்க்கையோ தெரியாது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஆதாரம் இன்னதென்று குறிப்பிடாத தகவலை எந்த நாடும் பிற நாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு பதிவு தவறென்று தெரிந்தால், அதைப் பெற்ற ஒவ்வொரு நாட்டுக்கும் திருத்தத்தை அனுப்புவது அனுப்பியவரின் கடமையாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் காரணத்தை அறிந்து மறுப்புரைக்க வழி இருக்க வேண்டும். இன்று இருக்கும் வழிகள் குறுகியவை. இன்டர்போலின் பதிவுகளைக் குறித்து, அதன் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் எவரும் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பயணத்தில் மீண்டும் மீண்டும் தடுக்கப்படுவோர் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டுக் குறைதீர்ப்பு எண் பெறலாம். இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் நெறி. இதை அரசுகளுக்கு மட்டும் உரைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வெளிநாட்டு விமான நிலையத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் தடுத்து வைக்கப்பட்டான் என்ற செய்தி வந்ததும், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று நம்மிடையே எத்தனை பேர் பேசுகிறோம்? அந்தப் பேச்சும் ஒரு பதிவுதான். பெண் கேட்கும் இடத்திலும், வேலை தேடும் இடத்திலும் அது அவனைத் தொடரும். அரார் சிறையில் இருந்தபோது, இரு சிறு குழந்தைகளுடன் அவருடைய மனைவி மோனியா மாஸிக் ஓயாமல் குரல் கொடுத்தார். அத்தகைய குடும்பத்துக்குத் துணை நிற்பதே நம் கடமை. சந்தேகத்தைப் பரப்பிய வாய்க்கு, அது பொய்யென்று தெரிந்தபின் அதே ஊக்கத்துடன் உண்மையைப் பரப்பும் பொறுப்பும் உண்டு.

அநீதியான சந்தேகத்திலிருந்து நம் பயணிகளை அல்லாஹ் காப்பானாக. பிறரைச் சந்தேகிக்கும் தீமையிலிருந்து நம் நாவுகளையும் காப்பானாக. ஆமீன்.