காரின் தலையில் சைக்கிள்



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீ குடிக்க நின்றால், தலையில் இரண்டு சைக்கிளைச் சுமந்துகொண்டு தாம்பரம் பக்கம் போகும் ஒரு காரையாவது பார்க்கலாம். "சைக்கிளுக்கு வந்த வாழ்வைப் பாருங்க சார்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பது என் கருத்து.

முதலில், வண்டிமேல் சைக்கிள் ஏற்றுவது நமக்குப் புதிது அல்ல. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து வெளியூர் பஸ்களின் பின்னால் ஏணி இருக்கும். மேலே கேரியரில் வாழைத்தார், கூடை, மூட்டை முடிச்சோடு சைக்கிளும் ஏறும். கிளீனர் கயிற்றால் இழுத்துக் கட்டுவார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். போய் இறங்கிய ஊரில் அந்தச் சைக்கிளில்தான் பிழைப்பு. இன்று காரில் ஏறும் சைக்கிள் உடற்பயிற்சிக்குப் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கே போகிறார்கள்? மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் காரில் போய், அங்கே சைக்கிளை இறக்கி, கோவளம் வரையோ மாமல்லபுரம் வரையோ மிதித்துவிட்டு, மறுபடியும் காரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2021-இல் முதல்வர் ஸ்டாலின் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். காலை நேரத்தில் அங்கே ஒரு கூட்டமே ஓட்டுகிறது. நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கேரியர் மாட்டுகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று உங்கள் கார் பற்றியது. மற்றது நம் ரோடு பற்றியது.

கார் விஷயத்தை முதலில் முடிக்கிறேன். பல கார்களின் கூரையில் முன்பின்னாக இரண்டு கம்பி ஓடும். அதைப் பார்த்ததும் "இதிலேயே கட்டிவிடலாம்" என்று தோன்றும். பல வண்டிகளில் அது வெறும் அலங்காரம். பாரம் தாங்காது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். சாதாரணமாக 50 முதல் 75 கிலோ வரை. அதில் குறுக்குக் கம்பியின் எடையும் கேரியரின் எடையும் சேர்த்தி. குறுக்குக் கம்பி 5 கிலோ, இரண்டு கேரியர் 8 கிலோ, இரண்டு சைக்கிள் 30 கிலோ என்று வைத்தால் 43 ஆகிவிட்டது. 50 என்று எழுதியிருக்கும் வண்டியில் மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. ஆனால் கடையில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

கேரியரில் இரண்டு வகை அதிகம். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டுவது ஒன்று. சக்கரத்தோடு நிறுத்தி, ஒரு கை போன்ற கிளாம்பால் பிரேமைப் பிடிப்பது இன்னொன்று. கார்பன் சைக்கிள் என்றால் பிரேமைப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டாம், குழாய் நசுங்கும். எந்த வகையானாலும் போல்ட்டை முடுக்கிவிட்டோம் என்று அப்படியே கிளம்பாதீர்கள். நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்திக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதிர்வில் போல்ட் இளகும். சைக்கிள் மேல் இருக்கும் தண்ணீர் பாட்டில், பம்பு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் வையுங்கள்.

காற்றை மறக்கக் கூடாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40-இல் போன வண்டி 80-இல் போனால், மேலே இருக்கும் சைக்கிளை இழுக்கும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நைலான் கயிறு அதற்குப் போதாது. உயரத்தையும் கவனியுங்கள். கார் ஐந்து அடி, அதற்கு மேல் சைக்கிள் நாலு அடி, மொத்தம் ஒன்பது அடி. பல அடுக்குமாடிகளின் பார்க்கிங் வாசல் ஏழு, ஏழரை அடிதான். ஓட்டிக்கொண்டு திரும்புகிற களைப்பில் மேலே சைக்கிள் இருப்பதே மறந்துபோகும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவையுங்கள். பின்கதவில் மாட்டும் கேரியர் என்றால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது.

இவ்வளவு சொல்வது உங்கள் சைக்கிள் கீறக் கூடாது என்பதற்காக மட்டும் அல்ல. நம் ரோட்டில் காருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் டூ வீலர். முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை, பின்னால் உட்கார்ந்து ஒரு அம்மா. மேலேயிருந்து 15 கிலோ இரும்பு விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

இனி ரோடு.

இத்தனை செலவும் இத்தனை கணக்கும் எதற்கு? நம் வீட்டு வாசலில் சைக்கிளில் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்பதற்காக. சென்னையிலிருந்து தெற்கே போகும் போக்குவரத்தில் பெரும்பகுதி இந்த ரோட்டில்தான். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு நெரிசல் இன்னும் கூடியிருக்கிறது. ரயில் பாதையைத் தாண்ட ராதா நகர் சுரங்கப்பாதை வேலை எத்தனை வருடம் இழுத்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். சர்வீஸ் ரோட்டில் கார்கள் நிற்கின்றன.

கார் வைத்திருப்பவர் சைக்கிளைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு இந்த ரோட்டைக் கடந்துவிடுகிறார். கார் இல்லாதவர்? மெப்ஸுக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், பால் போடுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, இவர்களெல்லாம் அதே ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் போகிறார்கள். நம் அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லாருக்கும் விரித்தது. எத்தனையோ பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தது அந்தச் சைக்கிளால். சைக்கிளை அரசு கொடுத்துவிட்டது. அதை ஓட்ட ஒரு பாதையை யார் கொடுப்பது?

சென்னை மாநகராட்சி 2014-இலேயே ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை, போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் அவர்களுக்கான வேலைகளுக்கு என்பது அதன் சாரம். நாம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறோம். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பெயர் பெரிதானது போல இந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கொச்சி மெட்ரோவில் 2020 முதல் சைக்கிளையே உள்ளே கொண்டுபோகலாம். அமெரிக்காவில் பல ஊர்களில் டவுன் பஸ்ஸின் முன்புறம் சைக்கிள் மாட்டச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் பழைய பஸ் கேரியரின் தம்பிதான் அது.

"சைக்கிள் பாதை போட்டால் அதில் பைக் ஓடும், கடை வைப்பார்கள்" என்பார்கள். நடக்கும்தான். நடைபாதையிலும் கடை வைக்கிறார்கள். அதற்காக நடைபாதையே வேண்டாம் என்று சொல்கிறோமா? குறுக்கே கம்பி நட்டு, போலீஸ் நாலு நாள் நின்றால் வழிக்கு வரும்.

நான் கேட்பது பெரிய பாலம் எதுவும் இல்லை. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை சர்வீஸ் ரோட்டில் கார் நிற்காத ஒரு சைக்கிள் பட்டை. பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் ரோட்டைக் கடக்கக் கூடுதல் நேரம் கொடுக்கும் சிக்னல். ஸ்டேஷன் வாசலில் நிழலோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை திட்டமிட்டிருக்கும் மெட்ரோ வேலைக்காக இந்த ரோட்டைத் தோண்டும்போதே சைக்கிளுக்கும் கோடு போட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் "இடம் இல்லை" என்பார்கள்.

இதைக் கேட்க வேண்டியவர்கள் கார்மேல் சைக்கிள் வைத்திருப்பவர்கள்தான். உங்களுக்குச் சைக்கிள் பிடிக்கும். மனு எழுதத் தெரியும். குடியிருப்போர் சங்கத்தில் உங்கள் பேச்சு எடுபடும். என்னிடம் படித்த பலர் இதை வாசிக்கிறீர்கள், சிலர் வீட்டில் கேரியரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்கு நன்றாகப் போய்வாருங்கள். திங்கட்கிழமை உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு கொடுங்கள். பிள்ளைகள் அன்று காலையும் அதே ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.