புதரில் கிடைத்த துப்பாக்கி யாருடையது?

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மலைக் கிராமங்களுக்கு நாட்டுத் துப்பாக்கி வழக்கு புதிதல்ல. காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருப்பவர் உண்டு, வேட்டைக்கு வைத்திருப்பவரும் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் வைத்திருந்தார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும் அல்லவா?

இந்த வழக்குகளில் பறிமுதலைப் பதிவு செய்யும் மகஜர் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. கைதானவர் தானாக முன்வந்து வாக்குமூலம் கொடுத்தாராம், ஓடையோரப் புதரிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் காட்டினாராம். கீழே இரண்டு கையெழுத்து: வி.ஏ.ஓ., அவருடைய உதவியாளர். அந்தப் புதர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர் போகிறார், விறகு பொறுக்குபவர் போகிறார். அதை அங்கே வைத்தது இவர்தான் என்பதற்கு வேறு என்ன சாட்சி? துப்பாக்கி கையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஆனால் அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், அது தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1972-ல்.

இன்னும் இருக்கிறது. எடுத்த இடத்திலேயே அரக்கு வைத்து சீல் போட்டார்களா? ஸ்டேஷன் அறையில் எத்தனை நாள் கிடந்தது? சுடும் நிலையில் இருக்கிறது என்று தடய அறிவியல் நிபுணர் சொன்னாரா? பழுது பார்த்தாலும் சுட முடியாத துருப்பிடித்த குழாய்க்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. 39-வது பிரிவுப்படி கலெக்டரின் முன் அனுமதி வாங்காமல் வழக்கே தொடர முடியாது.

மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிமன்றம் இத்தனையையும் முதலிலிருந்து எடைபோடலாம். அதுவரை போவதுதான் பாடு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு ஆண்டுச் சிறை. மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய அவகாசம் 30 நாள். அதற்குத் தனி பீஸ் என்பார் வக்கீல். முதல் பீஸை மாட்டை விற்றுக் கட்டிய குடும்பம் விற்க அடுத்து எதைத் தேடும்?

தீர்ப்பு நகல் இலவசம். சிறையில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. கைதிக்கு அப்பீல் செய்யச் சட்ட உதவி கொடுத்தாக வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1978-லேயே எழுதிவிட்டார். ஆனால் தண்டனை கேட்டு போலீஸ் வேனில் ஏறுகிறவரிடம் இதையெல்லாம் சொல்வது யார்?

மாவட்ட நீதிபதிதான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தலைவர். தண்டனை சொல்லும் அன்றே அப்பீல் அவகாசத்தை விளக்கி, இலவச வக்கீல் மனுவில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், செலவில்லை. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. வீடியோ எங்கே என்று கேட்காமல் எந்த மாஜிஸ்திரேட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. சட்டத் தன்னார்வலர்கள் கிளைச் சிறைகளுக்கு வாரம் ஒருமுறை போய், அப்பீல் போடாதவர்களின் பட்டியலை எடுக்கட்டும்.

30 நாள் தாண்டியவர்களும் நம்பிக்கையைக் கைவிட வேண்டாம். நகலுக்குக் காத்திருந்த நாட்கள் கணக்கில் சேராது; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.