டி.டி.இ. துரத்தினால்...

நாகர்கோவிலில் குடியிருந்துகொண்டு திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வரும் ஆசாமி நான். ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் குடை, பல்லிடுக்கில் சீசன் டிக்கெட். இந்தக் கோலத்தில் ஜங்ஷன் வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை நான் ஓடும் ஓட்டம் எங்கள் கோஷ்டியில் ரொம்பப் பிரசித்தம்.

அப்படி ஓடி, ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் எதிர் சீட் அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம்.

"ஏ மக்கா, வித்அவுட்ல வந்த ஒருத்தன் இறங்கி ஓடுதான்னு வையி. டி.டி.இ. துரத்துனா பிடிச்சிர முடியுமாலே?"

"ஆளைப் பொறுத்தது அண்ணாச்சி. மதுரைக் கோட்டத்துல டி.டி.இ.யா இருந்த ஒரு பொண்ணு 400 மீட்டரை 53.55 செகண்டுல ஓடியிருக்கு."

"காலு தரையில படாதோ?"

பட்டது. அதுவும் வெறுங்கால்.

ரேவதி வீரமணி. மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். ஆறு வயது ஆகுமுன்பே அப்பா போய்விட்டார். சில மாதங்களில் அம்மாவும். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை என்று எது கிடைத்தாலும் போவார். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். (யோசனை சொல்ல மட்டும் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே வராது.) பாட்டி முடியாது என்றுவிட்டார். பள்ளிக்கூடம்தான்.

பள்ளிக்கூடப் போட்டியில் இந்தப் பெண் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையக் கோச் கண்ணன் வீடு தேடிப் போனார். பாட்டி லேசில் சம்மதிக்கவில்லை. ஓடினால் சோறு கிடைக்குமா என்பது நியாயமான கேள்விதானே? பேசிப் பேசிக் கரைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் சீட்டும் ஹாஸ்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார் மனிதர். 2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டி வரைக்கும் ரேவதிக்கு ஷூ கிடையாது. முதலில் 100, 200 மீட்டர்தான் ஓடினார். பிறகு பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனபோது ரஷ்யக் கோச் ஒரு அம்மையார் பார்த்துவிட்டு 400-க்கு மாற்றினார்.

"இரணியல் தாண்டியாச்சு. விஷயத்துக்கு வாரும்" என்றார் அண்ணாச்சி.

விஷயம் இதுதான். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் முதல்முறையாக ஆண் பெண் சேர்ந்து ஓடும் 4x400 ரிலே. இரண்டு ஆண், இரண்டு பெண். 2021 ஜூலையில் பெண்களுக்குப் பாட்டியாலாவில் தேர்வு ஓட்டம். ரேவதி 53.55 செகண்டில் முதலிடம். அடுத்து வந்த இரண்டு பேருமே திருச்சிப் பெண்கள். சுபா வெங்கடேசன் 54.26. தனலட்சுமி சேகர் 54.27.

மூவரும் டோக்கியோ போனார்கள். ஓடியது ரேவதியும் சுபாவும். தனலட்சுமி ஓடவில்லை.

பாறசாலையில் ஏறியிருந்த மலையாளி நண்பர் இந்த இடத்தில் தலையை நிமிர்த்தினார். நூறில் ஒரு பங்கு செகண்ட் என்று யார் சொன்னாலும் ஒரு மலையாளிக்கு நெஞ்சு வலிக்கும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாக்காரி 55.41, பி.டி. உஷா 55.42. வெண்கலம் போச்சு. ஏதோ போன வாரம் நடந்த மாதிரி சொன்னார்.

நான் விடவில்லை. "சேட்டா, 2021 மார்ச்சில் ஃபெடரேஷன் கப் 200 மீட்டரில் உஷாவின் 23.30 ரெக்கார்டை 23.26 ஓடி உடைத்ததே இந்தத் தனலட்சுமிதான்!"

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் கதை அதோடு நிற்கவுமில்லை. அவர் வெளியூரில் இருந்தபோது அக்கா இறந்துபோக, மனசு கலங்கக் கூடாது என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். ஊர் திரும்பியபிறகுதான் தெரிந்து கதறினார். அடுத்த வருஷம் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி மூன்று வருஷத் தடை. பரிதாபப்பட்டுத் தப்பை மறைக்க முடியாது. தப்புக்காக 23.30 உடைந்த அன்றைய மகிழ்ச்சியையும் என்னால் மறக்க முடியவில்லை.

டோக்கியோவில் என்ன ஆச்சு? ரேவதி, சுபா, திருச்சி ஆரோக்கிய ராஜீவ், கொல்லம் ஜில்லா நிலமேல்காரர் முகமது அனஸ். நால்வரில் மூவர் தமிழர், நாலாமவர் பக்கத்து வீடு. 3 நிமிஷம் 19.93 செகண்டில் முடித்து அந்தச் சுற்றில் கடைசியாக வந்தார்கள். தங்கம் வாங்கிய போலந்து இறுதியில் 3:09.87. டீக்கடையில் ஒருவர், "இதுக்கு எதுக்குப் போகணும்?" என்று சேனலை மாற்றினார். அவர் பஸ்ஸுக்கு ஓடியே நான் பார்த்ததில்லை.

"டி.டி.இ. பிள்ளை அப்போ நம்ம லைன்ல வராதுல்லா?" என்றார் அண்ணாச்சி. இங்கே எல்லாம் திருவனந்தபுரம் கோட்டம், பயப்படாதீர் என்றேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நெய்யாற்றின்கரை தாண்டி, செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். அமுக்கி, உடனே நிறுத்த வேண்டும். நான் அமுக்கினால் 0.14. சேட்டன் 0.12. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நேமம் வரை முயன்றார், 0.11-க்குக் கீழே இறங்க முடியவில்லை.

"இதுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியாலே அந்தப் பிள்ளை பிந்திச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.