ஜோடி பிரியாத சொற்கள்



"மை ஃபாதர் கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்" என்று நம் பிள்ளை கட்டுரை எழுதினால், அதைப் படிக்கும் ஆங்கிலேயர் என்ன நினைப்பார் தெரியுமா? அப்பா கோடரியோடு போய்ப் பால்மரங்களைச் சாய்ப்பதாக நினைப்பார்! 'மரம் வெட்டுகிறேன்' என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு உரிய சொல் 'டேப்'. ஆகவே, "மை ஃபாதர் டேப்ஸ் ரப்பர் ட்ரீஸ்" என்பதே சரி. செம்பனைக் குலை வெட்டுகிறவரானால், "ஹி ஹார்வெஸ்ட்ஸ் ஆயில் பாம் ஃப்ரூட்" என்று எழுதலாம்.

முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஜோடிதான் தவறு. ஒவ்வொரு மொழியிலும் சில சொற்கள் ஜோடி சேர்ந்தே நடக்கும்.

நம் 'போடு' என்ற சொல்லையே பாருங்கள். கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், ஊசி போடுகிறோம். ஆங்கிலத்திலோ நான்கும் நான்கு விதம்: 'ட்ரோ எ கோலம்', 'வேர் எ ஷர்ட்', 'மேக் டீ', 'கிவ் என் இன்ஜெக்‌ஷன்'.

பினாங்கில் பல மொழிகள் கலந்து புழங்குகின்றன. மலாயிலும் சீனத்திலும் விளக்கைத் 'திற' என்பது வழக்கம். அதனால் கடைத்தெருவில் "ஓப்பன் தி லைட்" என்று காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் கதவைத்தான் 'ஓப்பன்' செய்வார்கள். விளக்குக்கு "ஸ்விட்ச் ஆன் தி லைட்".

மருந்தும் அப்படியே. நாம் மருந்து 'சாப்பிடுகிறோம்'. மலாயிலும் 'மாக்கான் உபாட்' என்கிறார்கள். ஆங்கிலத்திலோ 'டேக் மெடிசின்'. கிளினிக்கில் "டேக் திஸ் மெடிசின் ஆஃப்டர் மீல்ஸ்" என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு மருந்தை உட்கொள்ள வேண்டும் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மருந்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதாகப் படும்!

மழைக்கு 'ஹெவி ரெயின்'. காற்றுக்கு 'ஸ்ட்ரோங் விண்ட்'. நாமும் கனமழை என்கிறோம், கனக்காற்று என்பதில்லையே!

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தொல்லையன்று. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹாரோல்ட் பாமர் என்பவர், இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் தோக்கியோவில் ஓர் அறிக்கையே வெளியிட்டார். மாணவர்கள் இவற்றை முழுதாகவே மனத்தில் பதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு முதல் ஆங்கிலத்தில் எழுத்து, வாசிப்பு, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன. பேச்சுத் தேர்வில் உட்கார்ந்து யோசித்து மொழிபெயர்க்க நேரம் ஏது? ஜோடியாகப் படித்த சொல்தான் நாவில் தானே வரும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். பிள்ளைக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தினமும் மூன்று ஜோடிகளை, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதட்டும். புதுச் சொல் படித்து வந்தால், "இதற்கு ஜோடி எது?" என்று மட்டும் கேளுங்கள்.

முதல் பக்கத்தில் உங்கள் வேலையைப் பற்றிய வாக்கியமே இருக்கட்டும். அப்பா அம்மாவின் உழைப்பைப் பிழையின்றி எழுதக் கற்ற பிள்ளை, மற்றதையும் கற்றுக்கொள்ளும்.