நடுவயது யாருக்கு வருகிறது?

நடுவயது நெருக்கடியைப் பேசும் நாவல்களுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. நாயகனுக்குச் சலித்துப்போக ஒரு வேலை இருக்க வேண்டும், அலுத்துப்போக ஒரு வீடு இருக்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிச்சயம் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடியில் நரை தெரியும், 'நான் வாழ்ந்தேனா?' என்ற கேள்வி எழும், மாணவியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கண்ணில் படுவாள். இந்த நாவல்களை நான் விரும்பித்தான் படிக்கிறேன், ஆய்வுக்காக மட்டுமல்ல. ஆனால் படிக்கும்போது ஓரத்தில் ஒரு கணக்கும் ஓடும்: இவருடைய நெருக்கடிக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1965இல் எழுதிய கட்டுரை. புகழ்பெற்ற கலைஞர்களின் வாழ்க்கையைப் பார்த்து, 35 வயதையொட்டி மனிதருக்குத் தன் மரணம் உறைக்கிறது என்றார் அவர். 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை வேறொரு எண்ணைத் தருகிறது. இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. ஜாக்ஸின் கலைஞருக்கு நெருக்கடி தொடங்கும் வயதில், நம் தெருப் பெண்ணின் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

தமிழில் நடுவயதின் தடுமாற்றத்தை நுட்பமாக எழுதியவர் தி. ஜானகிராமன். 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரத்தம்மாளின் குற்றவுணர்வுக்கு வேதபாடசாலைக்கு அனுப்பிய மகனும் காசியும் பரிகாரமாக இருக்கிறார்கள். விலையெல்லாம் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அந்த வசதி எல்லாருக்கும் கிடையாது.

விலை வீட்டுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு 'குருதிப்புனல்' இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூலி உயர்வு, செய்யாதது செங்கொடியை இறக்குவது. அதைப் பின்னணியாக வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் எழுதிய நாவல் 1977இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதில் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் வன்முறைக்கு அடியில் அவருடைய ஆண்மைக்குறைவு இருக்கிறது. இது நடுவயது நாவல் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் அச்சு அதுதான்: ஆணுக்குள்ளே ஓட்டை, வெளியே அழிவு, வாசகரின் கண் முழுக்க ஓட்டையின் மேல்.

நிஜத்தில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். தனிமனிதத் தாழ்வுமனப்பான்மைக்கு யாரும் சங்கம் வைப்பதில்லை. கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டது. நீதிபதிகளுக்கு மிராசுதாரின் கௌரவம் தெரிந்தது, நாவலாசிரியருக்கு மிராசுதாரின் காயம் தெரிந்தது. ஒரு மனிதனின் மனதுக்குள்ளே போக எழுத்தாளருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அந்த 44 பேரில் எத்தனை பேரின் மனதுக்குள்ளே போனோம் என்று நாமும் கேட்கலாம்.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரரான இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஆரோக்கியம், காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். அவளுக்கும் நடுவயது வருகிறது. தையல் மிஷின் வருகிறது, சலவைக் கடை வருகிறது, களத்தில் அவளுக்குக் கிடைத்த தானியம் குறைகிறது, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையைவிட்டுப் போகிறார்கள். இத்தனை வருடம் செய்ததெல்லாம் எதற்கு என்ற கேள்வி அவளுக்குள்ளும் இருக்கிறது. அதே கேள்விதான், ஆனால் அது பிறப்பது கண்ணாடி முன்னால் அல்ல, ராச்சோறு எடுக்கப் போகிற தெருவில். தலித்துகளையே ஒடுக்குபவர்களாகக் காட்டுகிறது என்று அந்நாவலைச் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் கோபத்தில், ஒரு நடுவயதுப் பெண்ணின் மனம் அதில் எழுதப்பட்டிருக்கிறது என்பது பேசப்படாமலே போயிற்று.

காடாம்புலியூரிலிருந்து நெய்வேலிக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களில் பெர்மனென்ட் ஆனவருக்கு 45 வயதில் 'இனி என்ன?' என்று தோன்ற நேரம் இருக்கிறது. அவரை நான் கேலி செய்யவில்லை, அவருடைய வெறுமையும் வெறுமைதான். அதே பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருபது வருடமாக ஒரே கேள்வி, இந்த வருஷமாவது பட்டியலில் பேர் வருமா. முந்திரி உடைக்கும் பெண்களுக்கு நாற்பது வயதில் நரை தெரிவதற்கு முன்பே, கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் தோல் கறுத்து உரிந்திருக்கும்.

இவர்களைப் பற்றி எழுதும்போது கூலியையும் காயத்தையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இது நம் பக்கத்துக் குறை. அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு 47 வயதில் காதல் வராதா? முந்திரி உடைக்கும் கைம்பெண்ணுக்கு மறுபடி ஒரு துணை வேண்டும் என்று இருக்காதா? வரும், இருக்கும். அதை எழுதினால் 'நம் மக்களை இப்படிக் காட்டலாமா' என்று முதல் கேள்வி நம்மிடமிருந்தே வரும். ஜே. எம். கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' நாவலில் 52 வயதுப் பேராசிரியர் மாணவியிடம் எல்லை மீறிவிட்டு, வேலையை இழந்து, மகளின் பண்ணைக்குப் போய்விட முடிகிறது. நம் ஆள் எங்கே போவார்? இரண்டு மாதம் வேலைக்கு வராவிட்டால் சீனியாரிட்டி போய்விடும் என்ற பயத்தோடு, காதலையும் வைத்துக்கொண்டு, காலை ஷிப்டுக்கு அதே பஸ்ஸில் ஏறுவார். அந்த நாவலை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்குகிறேன்.